காற்றின் கூரை எவ்வளவு உயரம்? வானிலையைப் பார்த்து நுண்துகள் மாசைக் கணிக்கும் முறை

ஓர் ஊரின் வாகனங்களும் அடுப்புகளும் ஆலைகளும் விடும் புகை நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அதே ஊரின் நுண்துகள் அளவு ஒரே வாரத்துக்குள் பல மடங்கு ஏறி இறங்கும். புகை அதேதான், அது கரைவதற்குக் கிடைக்கும் காற்றின் கொள்ளளவுதான் மாறுகிறது. அந்தக் கொள்ளளவை முந்தின நாள் மாலையிலேயே பெரும்பாலும் கணித்துவிடலாம். ஒரு வானிலை முன்னறிவிப்பு, கொஞ்சம் பெருக்கல் வகுத்தல், வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம், இவை போதும்.

எந்த எண்ணைப் பார்ப்பது

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்கள். இவை பெரும்பாலும் எதையாவது எரிப்பதால் வருபவை, அல்லது வாயுக்கள் காற்றிலேயே வினைபுரிந்து துகளானவை. பி.எம். 10 என்பது 10 மைக்ரோமீட்டர் வரையிலான எல்லாத் துகள்களும். இதில் நுண்துகளோடு மண்தூசியும் சாலைத்தூசியும் சேர்ந்திருக்கும். அசையாத காற்றில் 10 மைக்ரோமீட்டர் துகள் 100 மீட்டர் கீழே இறங்க ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும். 2.5 மைக்ரோமீட்டர் துகளுக்கோ கிட்டத்தட்ட 6 நாட்கள் வேண்டும். எனவே நுண்துகள் தானாகப் படிந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அதைக் காற்று கொண்டுபோக வேண்டும், அல்லது மழை கழுவ வேண்டும்.

செயலிகள் காட்டும் காற்றுத் தரக் குறியீடு பல இடங்களில் கடந்த 24 மணி நேரச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. காலையில் காற்று தெளிந்திருந்தாலும் மாலை வரை குறியீடு சிவப்பாகவே நிற்கும். இரவில் மாசு ஏறும்போது நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். வானிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் மணிக்கொரு முறை பதிவாகும் அளவை, அதுவும் கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற அலகில், எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல்: உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். பி.எம். 10-க்கு இவை முறையே 45, 15.

கூரையின் உயரம்

தரையில் சூடான காற்று மேலே கிளம்பி, குளிர்ந்து, கீழிறங்கிக் கலக்கும் அடுக்கைக் கலப்படுக்கு என்பார்கள். புகை இந்த அடுக்குக்குள்தான் பரவும். இதன் மேல் எல்லையைத்தான் இங்கே கூரை என்கிறோம். வெயிலடிக்கும் பிற்பகலில் அந்த எல்லை தரையிலிருந்து 1 முதல் 2 கிலோமீட்டர் வரை போகும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் அதே எல்லை 100, 200 மீட்டருக்கு இறங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு உயரத்துக்குள் அடைந்த புகை பத்து மடங்கு செறிவாகும்.

இரவில் கூரை இறங்குவது ஏன்? வழக்கமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். வறண்ட காற்றுப் பொதி மேலேறினால் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி செல்சியஸ் குளிரும். தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக நிற்கிறது. கனமான குளிர்காற்று கீழே, இலேசான வெதுவெதுப்பு மேலே என்று அமைந்துவிட்டால் எதுவும் மேலே கிளம்பாது. இதுதான் வெப்பத் தலைகீழ். மேகம் இருந்தால் அது தரையின் வெப்பத்தைப் போர்வைபோலத் திருப்பி அனுப்புவதால் தலைகீழ் பலவீனமாகும். பகலில் மேகம் செய்வது இதற்கு நேர்மாறு: வெயிலை மறைத்துக் கூரையை உயரவிடாமல் வைக்கும்.

கருவி இல்லாமலே தலைகீழைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் உண்டு. புகைபோக்கிப் புகை கொஞ்சம் ஏறி, பிறகு பாய் விரித்ததுபோலத் தட்டையாகப் பரவினால், பரவும் இடம்தான் கூரை. விடியற்காலையில் புல்லில் பனித்துளி கனத்திருந்தால் இரவு தெளிவாகவும் அசைவின்றியும் இருந்திருக்கிறது. தூரத்து ரயில் சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டால், மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று ஒலியைத் தரைப்பக்கமாக வளைக்கிறது என்று பொருள். மூன்றும் ஒரே காலையில் சேர்ந்தால் கருவியைப் பார்க்கும் முன்பே அளவு ஏறியிருக்கிறது என்று நம்பலாம்.

எண்ணாக வேண்டுமென்றால் இரண்டு வழி. உலகெங்கும் வானிலை நிலையங்கள் சர்வதேச நேரம் 00 மணிக்கும் 12 மணிக்கும் பலூன் விடுகின்றன. அவை தரும் வெப்பநிலை வரைபடத்தில் உயரத்தோடு வெப்பம் கூடும் பகுதியைத் தேடுங்கள். பக்கத்தில் பலூன் நிலையம் இல்லையென்றால், கணினி வானிலை மாதிரிகளின் முன்னறிவிப்பில் எல்லைப்படலத்தின் உயரம் என்று ஒரு மதிப்பு வரும். நம் கூரை உயரத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். விண்டி போன்ற வரைபடத் தளங்களில் அதைப் பார்க்கலாம். இரவு நேர மதிப்புகளை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். மெல்லிய அடுக்குகளை மாதிரிகள் சரியாகப் பிடிப்பதில்லை. 50 மீட்டரா 150 மீட்டரா என்பதில் அவை தடுமாறினால், நம் கணக்கும் மூன்று மடங்கு தவறும்.

இன்னொரு கூரையும் உண்டு, அதுவே அதிக ஆபத்தானது. உயர் அழுத்த மண்டலம் ஒன்று வந்து நிலைகொண்டால், மேலிருந்து கீழிறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகி உயரத்தில் ஒரு மூடியாக நிற்கும். பகல் வெயிலால் இதை எளிதில் உடைக்க முடியாது. முதல் நாள் புகை இரண்டாம் நாளும் அங்கேயே கிடக்க, அதன்மேல் புதுப்புகை சேரும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது இதுதான். நிலக்கரிப் புகை உயர் அழுத்த மண்டலத்தின் கீழ் சிக்கிக்கொண்டது. முதலில் சுமார் 4000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிந்தைய மதிப்பீடுகள் 12,000 வரை போகின்றன. பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் 1930-இலும், அமெரிக்காவின் டொனோராவில் 1948-இலும் இதே கதைதான். இவ்விரண்டும் பள்ளத்தாக்குகள், பக்கச் சுவரும் சேர்ந்துகொண்டதால் காற்றுக்கு வெளியேற வழியே இல்லாமல் போனது. முன்னறிவிப்பில் உயர் அழுத்தம் மூன்று நாட்களுக்கு மேல் நகராமல் இருந்தால், முதல் நாள் எண்ணை வைத்து மூன்றாம் நாளை எடைபோடாதீர்கள்.

வேகத்தையும் உயரத்தையும் பெருக்குங்கள்

கலப்படுக்கின் உயரத்தை அந்த அடுக்கின் சராசரிக் காற்று வேகத்தால் பெருக்கினால் காற்றோட்டக் குணகம் கிடைக்கும். உயரம் மீட்டரில், வேகம் விநாடிக்கு மீட்டரில் இருக்க வேண்டும். முன்னறிவிப்பு மணிக்குக் கிலோமீட்டர் என்று சொன்னால் 3.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்கான காற்றுத் தர முன்னறிவிப்பில், குணகம் 6000-க்குக் கீழும் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழும் இருந்தால் மாசு கலையச் சாதகமற்ற நிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்துக்கு இதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பகுதியின் பதிவுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 கிலோமீட்டர் அகலமான ஊர். ஒவ்வொரு சதுர மீட்டரும் விநாடிக்கு 1 மைக்ரோகிராம் துகள் விடுகிறது என்று வையுங்கள். காற்று ஊரைக் கடந்து வெளியேறும்போது அதில் ஊர் சேர்த்திருக்கும் செறிவு = உமிழ்வு × ஊரின் அகலம் ÷ குணகம். பிற்பகலில் கூரை 1500 மீட்டர், காற்று விநாடிக்கு 4 மீட்டர் என்றால் குணகம் 6000. ஊர் சேர்ப்பது 3.3 மைக்ரோகிராம். இரவில் கூரை 150 மீட்டர், காற்று 1 மீட்டர் என்றால் குணகம் 150. ஊர் சேர்ப்பது 133 மைக்ரோகிராம். ஒரே புகை, 40 மடங்கு வேறுபாடு. உண்மையில் இவ்வளவு தூரம் போவதில்லை. இரவில் உமிழ்வு குறைகிறது. தவிர, விநாடிக்கு ஒரு மீட்டர் காற்று 20 கிலோமீட்டரைக் கடக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். அதுவரை செறிவு ஏறிக்கொண்டுதான் இருக்கும். மாசு இரவு முழுவதும் மெல்ல மெல்லக் கூடுவதற்கு இதுவே காரணம்.

காலை உச்சத்தையும் இங்கேயே புரிந்துகொள்ளலாம். சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரம் வரை கூரை தாழ்ந்தே இருக்கிறது, வாகனங்களோ அதற்குள் சாலைக்கு வந்துவிடுகின்றன. மாலையில் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே கூரை இறங்கத் தொடங்கிவிடுகிறது. இதோடு இன்னொன்று: உயரமான புகைபோக்கியின் புகை இரவெல்லாம் தலைகீழுக்கு மேலே மிதந்திருக்கும், காலையில் வெயில் அந்த அடுக்கை உடைக்கும்போது அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மொத்தமாகத் தரைக்கு இறங்கும். ஆலை இருக்கும் பகுதியில் காலையில் திடீரென்று ஒரு கூர்மையான ஏற்றம் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

காற்று கலைக்கும், காற்றே கிளப்பும்

வேகம் கூடக் கூட மாசு குறையும் என்பது ஒரு வரம்பு வரைதான். வேகமானி இல்லாவிட்டால் மரத்தைப் பாருங்கள். புகை சாய்கிறது, இலை அசையவில்லை: விநாடிக்கு 1.5 மீட்டருக்குள். இலை சலசலக்கிறது: 3.3 வரை. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடுகின்றன: 3.4 முதல் 5.4 வரை, பி.எம். 2.5-க்கு நல்ல காற்று இதுதான். தூசியும் காகிதத் துண்டும் பறக்கத் தொடங்கினால் 5.5-ஐத் தாண்டியாயிற்று. அதற்குமேல், தரை காய்ந்து கிடந்தால், பி.எம். 10 எகிறும். ஈரத்தரையிலும் புல்தரையிலும் அதே வேகம் தூசியை எழுப்பாது. ஆகவே கடைசியாக எப்போது மழை பெய்தது என்பதையும் குறித்துவையுங்கள்.

திசையில் பலரும் சறுக்குகிறார்கள். வானிலை அறிக்கையில் வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. புகை தென்மேற்கே போகும். நம் முன்னோர் காற்றுக்கு வைத்த பெயர்களும் இதே முறைதான்: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வரைபட அம்புக்குறிகளோ சில தளங்களில் போகும் பக்கத்தைக் காட்டும். ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 1 மீட்டருக்குக் குறைவான காற்றின் திசையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது சுற்றிச் சுற்றி வரும்.

கடலோரத்தில் தனிச் சிக்கல். இரவில் தரைக்காற்று புகையைக் கடலுக்குக் கொண்டுபோகும்; பகலில் கடற்காற்று அதையே திருப்பிக் கொண்டுவரும். கடற்காற்று என்றாலே சுத்தம் என்று நினைப்பது இங்கே பொய்க்கும். கடலிலிருந்து வரும் குளிர்காற்றுக்குள் கூரையும் தாழ்வாகவே இருக்கும், கரையிலிருந்து உள்ளே போகப் போகத்தான் உயரும்.

குணகம் நன்றாக இருந்தும் மாசு கூடினால், புகை வெளியிலிருந்து வருகிறது. அமெரிக்க வளிமண்டல அமைப்பான நோவாவின் ஹைஸ்பிளிட் கருவி, காற்று கடந்த 24 முதல் 72 மணி நேரத்தில் வந்த தடத்தை இலவசமாக வரைந்து தரும். 100, 500, 1000 மீட்டர் என்று மூன்று உயரங்களில் ஓட்டுங்கள். மூன்று கோடுகளும் ஒரே பக்கம் போனால் நம்பலாம். ஆளுக்கொரு திசையில் பிரிந்தால் எந்தக் கோட்டின் மீதும் பழி போடாதீர்கள். தடத்தை நாசாவின் ஃபர்ம்ஸ் தீப்புள்ளி வரைபடத்தோடு பொருத்தினால், வழியில் தீ எரிந்ததா என்று தெரியும். இப்படி உயரத்தில் வரும் புகை பிற்பகலில், கூரை ஏறி அதைத் தொடும்போது, தரைக்கு வரும். நண்பகலில் குறைய வேண்டிய அளவு கூடினால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இதுதான்.

மழைக்குக் கொடுக்கும் பெருமை

மழை எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நம்பிக்கை பாதி உண்மை. விழும் துளி பெரிய துகளை நேராக மோதிப் பிடிக்கும். மிகச்சிறிய துகள்கள் தாறுமாறாக அலைந்து தாமே துளியில் ஒட்டும். இடைப்பட்ட 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையிலானவை துளியைச் சுற்றி வழியும் காற்றோடு நழுவிப்போய்விடும். பி.எம். 2.5-இன் எடையில் பெரும்பங்கு இந்த அளவுக்குள்தான் இருக்கிறது. எனவே அரைமணித் தூறல் சாலைத்தூசியை அடக்கும், பி.எம். 10 இறங்கும், பி.எம். 2.5 அசையாமலே இருக்கலாம். பல மணி நேரம் பெய்யும் மழைதான் அதைக் குறைக்கும். மழையோடு வரும் காற்று மாற்றம் செய்யும் வேலையும் மழையின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

மழை விட்ட இரவில் கவனம் வேண்டும். வானம் தெளிந்து, காற்று நின்று, தரை ஈரமாக இருந்தால் விடிவதற்குள் மூடுபனியும் தலைகீழும் சேர்ந்து, மழைக்கு முன் இருந்த அளவு திரும்பிவிடக்கூடும்.

ஈரப்பதமும், ஏமாற்றும் சென்சாரும்

சல்பேட், நைட்ரேட் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். அமோனியம் சல்பேட் 80 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் கரைந்து துளியாகும். அமோனியம் நைட்ரேட்டுக்கு 62 சதவீதம் போதும். வீங்கிய துகள் ஒளியை அதிகம் சிதறடிக்கும். ஆகவே பார்வைத் தூரம் குறைந்தாலே மாசு அதே அளவு கூடிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. அதிகாரபூர்வ நிலையங்கள் காற்றைச் சூடாக்கியோ, வடிதாளை உலர்ந்த அறையில் வைத்தோ ஈரத்தை நீக்கிவிட்டு அளக்கின்றன. வீட்டில் வைக்கும் லேசர் சென்சார்கள் ஈரத்தோடு சேர்த்தே எண்ணுகின்றன. இதனால் விடியற்காலையில் அவை மிகையாகக் காட்டும்.

இவ்வகை லேசர் சென்சார்களில் ஒன்றான பர்ப்பிள்ஏருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தம் வெளியிட்டிருக்கிறது: 0.524 × சென்சார் அளவு − 0.0862 × ஈரப்பதம் + 5.75. சென்சார் 100 என்றும் ஈரப்பதம் 90 சதவீதம் என்றும் காட்டினால், திருத்திய அளவு 50.4. இதில் போட வேண்டியது கருவியே காட்டும் ஈரப்பதம். வானிலை நிலையத்தின் மதிப்பைப் போட்டால் கணக்கு பிசகும், ஏனென்றால் கருவியின் உட்புறம் வெளியைவிடச் சூடாக, உலர்ந்து இருக்கும். இந்தச் சமன்பாடு அமெரிக்கத் துகள்களை வைத்து உருவானது. வேறு இடத்தில் இருப்பவர்கள், முடிந்தால் ஓர் அதிகாரபூர்வ நிலையத்தின் அருகே இரண்டு வாரம் சென்சாரை வைத்து, தங்களுக்கான பெருக்கெண்ணைக் கண்டுபிடிப்பதே சரி.

சென்சாரை வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில், சமையலறைப் புகை வழியிலிருந்தும் குளிர்சாதனக் கருவியின் வெளியலகிலிருந்தும் விலக்கி மாட்டுங்கள். மலிவான லேசர் சென்சார்கள் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. புழுதிப்புயல் அடிக்கும்போதும் அவை காட்டும் பி.எம். 10 சாதுவாகவே இருக்கும். அதை நம்பி வெளியே போகாதீர்கள்.

அதிகாரபூர்வ நிலையத்தின் எண்கள் கிடைத்தால், பி.எம். 2.5-ஐ பி.எம். 10-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.3-க்குக் கீழே போனால் தூசி மேலோங்கியிருக்கிறது, காரணம் காற்றின் வேகத்திலோ காய்ந்த தரையிலோ இருக்கும். 0.6-க்கு மேலே போனால் எரிப்புப் புகையும் வாயுவிலிருந்து பிறந்த துகளும். காரணம் கூரையில் இருக்கும். இந்த ஒரு வகுத்தல் பல வாக்குவாதங்களைத் தீர்த்துவைக்கும்.

மாலையில் ஐந்து நிமிடம்

1. நாளை காலை 6, பகல் 2, இரவு 9 ஆகிய மூன்று நேரங்களுக்குக் கூரை உயரத்தையும் காற்று வேகத்தையும் எழுதிப் பெருக்குங்கள்.
2. இரவு வானம் பார்க்கவும். எட்டில் மூன்று பங்குக்கும் குறைவான மேகம், விநாடிக்கு 3 மீட்டருக்கும் குறைந்த காற்று என்றால் வலுவான தலைகீழ் வரும். காற்று 6-ஐத் தாண்டினால் தலைகீழ் உருவாகாது.
3. அழுத்த வரைபடத்தில் உயர் அழுத்தம் நகர்கிறதா, நிற்கிறதா?
4. மழை இருந்தால் எத்தனை மணி நேரம், அதன்பின் வானம் தெளிகிறதா?
5. இன்றைய மணிவாரி அளவைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, குணகம் பாதியானால் மாசு ஏறக்குறைய இருமடங்கு என்று மதிப்பிடுங்கள். மறுநாள் உண்மை அளவைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் இடத்தின் குணம் பிடிபடும்.

ஜன்னலைத் திறக்கும் நேரம் இதிலிருந்தே வரும். உள்ளூர்ப் புகை மட்டுமே சிக்கல் என்றால் பகல் 1 முதல் 4 வரை திறந்து, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுங்கள். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்பது பலருக்கு வழக்கமாகிவிட்ட எண்ணம். குளிர்காலத்தில் அதுவே நாளின் மோசமான வேளையாக இருக்கும். ஓட்டம், உடற்பயிற்சிக்கும் இதே நேரக்கணக்குதான். கடும்வெயில் பிற்பகலில் மட்டும் ஒரு விதிவிலக்கு: துகள் குறைவாக இருந்தாலும் ஓசோன் உச்சத்தில் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

ஒரு நடவடிக்கை பலித்ததா என்று சோதிக்க

வாகனக் கட்டுப்பாடோ ஆலை மூடலோ வந்தபின் மாசு குறைந்தால், உடனே அதற்கு மாலை போடுவதும், கூடினால் திட்டுவதும் நடக்கிறது. முதலில் வானிலையைக் கழிக்க வேண்டும். மழை இல்லாத நாட்களை, ஒரே காற்றுத் திசையில், ஒரே மணி நேரங்களில் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவின் இஆர்ஏ5 என்ற கடந்தகால வானிலைத் தரவுத்தொகுப்பில் 1940 முதல் மணிவாரியாக எல்லைப்படல உயரமும் காற்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊருக்கு வெளியே, காற்று வரும் பக்கத்து நிலையத்தின் அளவைப் பின்னணி என்று கழித்துவிட்டு, மிச்சத்தைக் குணகத்தால் பெருக்குங்கள். கிடைக்கும் எண் உமிழ்வோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரே நாளை ஒரே நாளோடு ஒப்பிடாதீர்கள்; முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து நாட்களாவது வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கட்டுப்பாட்டுக்கு முன் சராசரி 120 மைக்ரோகிராம், பின்னணி 20, குணகம் 1500: மிச்சம் 100-ஐப் பெருக்கினால் 1,50,000. கட்டுப்பாட்டுக்குப் பின் சராசரி 70, பின்னணி அதே 20, குணகம் 3000: மிச்சம் 50-ஐப் பெருக்கினாலும் 1,50,000. காற்றில் இருந்த மாசு 50 மைக்ரோகிராம் குறைந்திருக்கிறது. ஊர் விட்ட புகை ஒரு துளியும் குறையவில்லை.